இன்னைக்கு மட்டும் வடக்கு

எங்கள் காமயகவுண்டன்பட்டியில் வலது பக்கம், இடது பக்கம் என்று பேசுகிற ஆளை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. எல்லாம் திசைதான். அடுப்புக்கு மேற்கே உப்புச் சாடி, கிழக்கே புளிப்பானை. பாயில் தள்ளிப் படுக்கச் சொன்னாலும் "தெக்க தள்ளிப் படு"தான். முதுகு சொறியச் சொன்னால்கூட என் வீட்டுக்காரர் அழகுமலை, "வடக்க... இன்னுங் கொஞ்சம் வடக்க... ஆங், அங்கனதான்" என்பார். நானும் சொறிவேன். ஒரு நாளும் இடம் தவறியதில்லை.

தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கே இந்தப் பேச்சுதான் காதில் விழும். "மேக்க திரும்பிப் பால் குடி." "தெக்குக் கைய வாயில வைக்காத." அப்படி வளர்கிற பிள்ளைக்குத் திசை எப்படித் தெரிகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மலையைப் பார்த்துச் சொல்கிறீர்களா என்பார்கள். எங்களுக்கு மேற்கேயும் மலை, கிழக்கேயும் மலை. மலையைப் பார்த்தால் இன்னும் குழப்பம்தான் வரும். மூக்கு எங்கே இருக்கிறது என்று யாராவது தடவிப் பார்த்தா சொல்கிறோம்? அதுமாதிரி இதுவும் ஒன்று.

என் மகள் ஜக்கம்மாவுக்கு மூன்று வயதிருக்கும். "ஆத்தா, கெழக்குக் கால்ல முள்ளு" என்று வாசலில் நின்று கத்தினாள். ஊசியை எடுத்துக்கொண்டு நான் வருவதற்குள் வேடிக்கை பார்க்கத் திரும்பி நின்றுகொண்டாள். "எந்தக் காலுடி?" என்றால், "இப்ப மேக்குக் காலு" என்கிறாள். கால் மாறவில்லை, பிள்ளைதான் திரும்பிக்கொண்டது. இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இதை ஜெபராணியிடம் சொன்னபோது அவள் தாவணியை வாயில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள்.

ஜெபராணி எழுபத்தொன்றாம் வருஷம் எங்கள் ஊருக்கு வந்த டீச்சர். மதுரையில் ஒரு டிரஸ்ட் எங்கள் ஊரில் பாலர் பள்ளி ஒன்று ஆரம்பித்தது. நாலு வயசு, அஞ்சு வயசுப் பிள்ளைகள் படிக்க ஒரு கட்டடம், ஒரு டீச்சர். ஜக்கம்மாவுக்கும் நாலு வயசாகியிருந்தது, அதில் சேர்த்தேன். ஒரு வருஷம் நடத்திப் பார்ப்பார்கள், சரியாக வந்தால் தொடரும், இல்லையென்றால் மூடிவிடுவார்கள். டீச்சருக்குத் தங்க இடம் வேண்டுமென்று பிரசிடெண்ட் கேட்டார். எங்கள் வீட்டுக் கிழக்கு அறையைக் கொடுத்தோம். அவளுக்கு அப்போது இருபது வயது. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். வந்த மறுநாளே "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அவள் அப்பா ஞானசிகாமணிக்குத் தேனி பஜாரில் குடைக்கடை. மகளை வேலைக்கு அனுப்ப அவருக்கு இஷ்டமே இல்லை. ஒரு வருஷம் டிரஸ்ட்டுக்கு எப்படியோ உனக்கும் அப்படித்தான் என்று சொல்லித்தான் அனுப்பினார். பள்ளிக்கூடம் மூடினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தேனிக்கு வந்துவிட வேண்டும். மாப்பிள்ளை தயாராக இருந்தார். பெயர் ஏசுதாசன், சொந்தமாக ரைஸ் மில் இருந்தது. பெண் பார்க்க வந்தவர் ஜெபராணியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். சாப்பாட்டு இலையையே உற்றுப் பார்த்துவிட்டு, "இது உடைசல் கலந்த அரிசியில்ல?" என்றாராம்.

"அக்கா, நான் அந்த ஆளக் கட்டிக்கிட்டா காலம் பூரா அரிசியப் பத்தித்தான்க்கா பேசணும்" என்று அவள் சொன்னபோது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பள்ளிக்கூடம் மூடிவிடக் கூடாதே என்று எனக்கும் கவலை பிடித்துக்கொண்டது.

ஐப்பசி வாக்கில் டிரஸ்ட் செக்ரட்டரி பார்வையிட வந்தார். சங்கரலிங்கம் என்று பெயர். ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மடிப்புக் கலையாத கதர்ச் சட்டை, நெற்றியில் விபூதி. பேசினால் பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாங்கள் நாலைந்து பேர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வலது, இடது அறிவதுதான் கல்வியின் முதல் படி" என்றார் அவர். "தன் உடம்பையே அறியாத குழந்தை உலகத்தை எப்படி அறியும்? எங்கே, எல்லோரும் இடது கையைத் தூக்குங்கள் பார்ப்போம்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. சிலது இரண்டு கையையும் தூக்கியது. ஒன்று எழுந்து நின்றது. கருத்தக்கண்ணன் மகன் சீனிச்சாமிக்கு மட்டும் முகம் பிரகாசமாகிவிட்டது. அவனுக்கு மதுரையில் சொந்தம் உண்டு, ஏதோ கேள்விப்பட்டிருக்கிறான்.

"பீச்சாங்கையா சார்?"

செக்ரட்டரி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "என்ன சொன்னாய்?" என்றார். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டான் பயல். விளங்கவைத்துவிடுவோம் என்று கால்சட்டையைத் தளர்த்திக்கொண்டு குந்தவே உட்கார்ந்துவிட்டான். ஜெபராணி ஓடிப் போய் அவனைத் தூக்கி நிறுத்துவதற்குள் எங்களுக்கு ஜன்னலில் நிற்க முடியவில்லை. சேலையை வாயில் அடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டோம்.

செக்ரட்டரிக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தச் சொல்லும் சரி, அதற்கு ஜோடியாக இங்கே சொல்கிறார்களே அந்தச் சோற்றுக் கையும் சரி, இனி இந்தக் கட்டடத்துக்குள் கேட்கக் கூடாது. பங்குனியில் ஆண்டு விழாவுக்கு வருவேன். அதற்குள் இந்தக் குழந்தைகளுக்கு வலது இடது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இந்தப் பள்ளியால் ஒரு பயனும் இல்லை, மூடிவிடலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று ராத்திரி ஜெபராணி சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் வலது, இடதைத் தவிர வேறு பாடமே கிடையாது. எதிரே நின்று கையைத் தூக்கினால் பிள்ளைகளுக்குக் குழம்பும் என்று அவளுக்கு டிரெயினிங்கில் சொல்லியிருந்தார்களாம். அதனால் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, கரும்பலகையைப் பார்த்து நின்று, தானே கையைத் தூக்கிக் காட்டுவாள். வலது கை, இடது கை. வலது பக்கம் ஜன்னல், இடது பக்கம் கதவு. ஒரு பாட்டு வேறு கட்டினாள்.

"வலது கையை ஆட்டு, வண்டு பறக்குது பாரு. இடது கையை நீட்டு, எறும்பு ஏறுது பாரு."

கார்த்திகை முழுக்க வண்டு ஒரு பக்கம் பறந்தது, எறும்பு எல்லாப் பக்கமும் ஏறியது. மார்கழியில் ஒரு நாள் திடீரென்று அத்தனை பிள்ளைகளும் ஒரே மாதிரி கையைத் தூக்கிவிட்டன. வலது என்றால் வலது, இடது என்றால் இடது. ஒரு கை தப்பவில்லை. ஜெபராணி வீட்டுக்கு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் பொழச்சேன்க்கா" என்றாள். ஏசுதாசனை நினைத்து அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சிரித்தாள்.

விஷயம் என்னவென்று எனக்குத் தெரிந்தது பங்குனியில், விழாவுக்கு முந்தின நாள். ஜக்கம்மாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"டீச்சரு பாவம் ஆத்தா" என்றாள். "தெக்குன்னு சொல்லத் தெரியாம வலது வலதுங்கிறாக."

"தேனியில அப்படித்தான் சொல்லுவாக போல."

"ஆமா. நாந்தான் கண்டுபிடிச்சு எல்லார்ட்டயும் சொன்னேன். வலதுன்னா தெக்கு, இடதுன்னா வடக்கு. அப்பறந்தான் எல்லாரும் ஒழுங்கா ஆடுனாக. சீனிச்சாமி கேக்கான், கெழக்குக்கும் மேக்குக்கும் தேனியில என்ன சொல்லுவாகன்னு. தெரியலயே ஆத்தா."

"அங்கன அது ரெண்டும் இல்லையோ என்னமோ" என்று சொல்லிவிட்டு ரிப்பனைக் கட்டினேன். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பிள்ளை கெட்டிக்காரி என்று பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில் ஜெபராணியிடம் போய்ச் சொன்னேன்.

அவள் அப்போது விழாவுக்குக் காகிதப் பூ செய்துகொண்டிருந்தாள். கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. என் மகளை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து கிழக்கே பார்க்க நிறுத்தினாள்.

"வலது கை."

ஜக்கம்மா வலது கையைத் தூக்கினாள். ஜெபராணி அவளை அப்படியே மேற்கே பார்க்கத் திருப்பினாள்.

"இப்ப வலது கை."

ஜக்கம்மா அலுங்காமல் இடது கையைத் தூக்கினாள். அந்தப் பக்கந்தானே தெற்கு!

ஜெபராணி உரல் மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் எனக்கும் விளங்கியது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை கிழக்குச் சுவரில் இருக்கிறது. பிள்ளைகள் வருஷம் பூரா கிழக்கே பார்த்தே உட்கார்ந்திருக்கின்றன. கிழக்கே பார்த்தால் தெற்குக் கைதான் வலது கை. அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறவரை டீச்சருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சண்டையும் இல்லை.

"மேடை எங்க பாத்துப் போட்டிருக்காக?" என்று கேட்டாள்.

"மேக்க பாத்து" என்றேன்.

வேறு எப்படிப் போடுவார்கள்? மந்தையில் மேடை போட்டால் மாரியம்மன் கோயிலைப் பார்த்துத்தான் போட வேண்டும். கோயில் மந்தைக்கு மேற்கே இருக்கிறது. நாடகமானாலும் பாட்டுக் கச்சேரியானாலும் அம்மன் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அம்மன் கண்ணை மறைக்கக் கூடாது என்று சனங்கள்கூட நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமும்தான் உட்காருவார்கள்.

ஜெபராணி மந்தைக்கு ஓடினாள், பின்னாலேயே நானும். மைக் செட் வீரணன்தான் மேடையும் போடுகிறவன். கீற்றுக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இந்த மேடையக் கெழக்க பாத்துத் திருப்பிப் போட முடியுமாண்ணே?"

வீரணன் ஏணியிலிருந்து இறங்கி வந்து அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். "டீச்சரம்மா, நீங்க வேதக்காரக, ஒங்களுக்குத் தெரியாது. அம்மனுக்கு முதுகக் காட்டி மேடை போட்டா என்னைய இந்த மூங்கில்லயே கட்டி வச்சிருவாக."

"சரி, பிள்ளைகளையாவது கெழக்க பாத்து ஆட விடலாமா?"

"நாங்க எல்லாரும் முதுகையா பாக்கணும்? அத்தன பிள்ளைகளும் அம்மனுக்கு முதுகக் காட்டுனா ஊருல மழ பெய்யுமா?"

திரும்பி வந்து பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பொழுது சாய்கிறவரை மேற்கே பார்க்க நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாள். "இது வலது இல்லடா, இதுதான் வலது." பிள்ளைகளுக்கு ஒன்றும் ஓடவில்லை. நேற்றுவரை தெற்கைக் காட்டி வலது என்ற டீச்சர் இன்றைக்கு வடக்கைக் காட்டி வலது என்றால் என்ன செய்யும்? சீனிச்சாமி அழுதே விட்டான். ஜக்கம்மா அழவில்லை. "டீச்சரு, தெக்கு எங்கயும் போகல, அங்கனயேதான் இருக்கு" என்று ஆறுதல் சொன்னாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஞானசிகாமணி வந்து இறங்கினார். விழாவைப் பார்க்க வந்தேன் என்று சொன்னாலும், டிரங்குப் பெட்டி கட்டக் கயிறு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கூடவே ஏசுதாசன். வந்தவருக்கு இட்லி வைத்தேன். பிட்டுப் பார்த்துவிட்டு, "ஐ.ஆர். எட்டு அரிசியா?" என்றார். ஜெபராணி அடுப்படியில் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் விரல் என் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்கு அந்த நிமிஷம் அப்படியொரு கோபம் வந்தது. ஒரு பெண்ணின் தலையெழுத்தை ஒரு கை இந்தப் பக்கம் தூக்குகிறதா அந்தப் பக்கம் தூக்குகிறதா என்பதை வைத்தா முடிவு செய்வது?

கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். காகித இறக்கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கூட்டினேன்.

"ஏலே, இங்கன கேளுங்க. இன்னைக்கு மட்டும் வலதுன்னா வடக்கு. இடதுன்னா தெக்கு. வெளங்குச்சா?"

"ஏன்?" என்றான் சீனிச்சாமி.

"விழாவுல அப்படித்தான்."

அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. விழா அன்றைக்குப் புதுச்சட்டை போடுகிறோம், பவுடர் பூசுகிறோம், வடக்கையும் தெற்கையும் மாற்றிக்கொள்கிறோம். ஒரு தடவை ஆடிக் காட்டச் சொன்னேன். மேற்கே பார்த்து நின்று ஆடின. ஒரு கை தப்பவில்லை.

சாயங்காலம் மந்தை நிறைய சனம். செக்ரட்டரி சங்கரலிங்கம் மாலையோடு முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஞானசிகாமணியும் ஏசுதாசனும். மைக்கில் ஜெபராணி பாட, பிள்ளைகள் ஆடின. வலது கை என்றதும் அத்தனை வண்டும் வலது பக்கம் பறந்தது. இடது கை என்றதும் அத்தனை எறும்பும் இடது பக்கம் ஏறியது. எதிரே உட்கார்ந்திருந்த செக்ரட்டரி ஒவ்வொரு தடவையும் தன் கையைத் தொட்டுப் பார்த்துச் சரி பார்த்துக்கொண்டார். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார். ஜெபராணி என்னைத் தேடிப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

செக்ரட்டரி மாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா கிளம்பியிருக்கலாம். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. முன்வரிசையில் ஆடிய ஜக்கம்மாவைக் கீழே வரச் சொல்லி, தன் பக்கத்தில், மேடையைப் பார்க்க நிறுத்திக்கொண்டார். மேடையைப் பார்த்தால் அது கிழக்கு. வீரணன் மைக்கை வயரோடு இழுத்துக்கொண்டு வந்து நீட்டினான்.

"கண்ணு, உன் வலது கை எது? சபைக்குக் காட்டு."

ஜக்கம்மா கையைத் தூக்கப் போனவள் நின்றுவிட்டாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு வலதா, எப்பவும் உள்ள வலதா?"

மூன்று குழாய் ஸ்பீக்கரிலும் அது கணீரென்று கேட்டது.

"இரண்டு வலது இருக்கிறதா?" என்றார் செக்ரட்டரி.

"எப்பவும் வலதுன்னா தெக்கு. இன்னைக்கு மட்டும் வடக்கு."

"யார் சொன்னது?"

"எங்காத்தா. அந்தா, பச்சச் சேல. கீழ குனியுதுல, அதான்."

மந்தையே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

செக்ரட்டரி ஜக்கம்மாவைத் தோளைப் பிடித்துக் கோயிலைப் பார்க்கத் திருப்பினார். "இப்போது காட்டு, எப்பவும் உள்ள வலது எது?" அவள் தெற்குப் பக்கமிருந்த கையைத் தூக்கினாள். மறுபடி மேடையைப் பார்க்கத் திருப்பினார். அவள் மற்றக் கையைத் தூக்கினாள். "திரும்பினால் கை மாறிவிடுமா அம்மா?"

"கை எங்க மாறுது? நீங்கதான என்னையத் திருப்புறீக. நான் திரும்புனா தெக்குமா திரும்பும்?"

சனங்கள் கைதட்டினார்கள். அதைக் கேட்டு நானே குனிந்த தலையை நிமிர்த்தினேன். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் செக்ரட்டரி எதற்கு முழிக்கிறார் என்றே புரியவில்லை. என் வீட்டுக்காரருக்கும் அப்போதுதான் ரோஷம் வந்து எழுந்தார். "பிள்ள சரியாத்தான சார் சொல்லுது? தெக்கு அங்கிட்டுத்தான இருக்கு? வேணும்னா பிரசிடெண்டக் கேட்டுப் பாருங்க." பிரசிடெண்டும் தெற்கே கையைக் காட்டி ஆமாம் என்றார்.

செக்ரட்டரி உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஞானசிகாமணி மடியிலிருந்த கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஏசுதாசன் அவர் காதில் ஏதோ சொன்னார்.

ஜெபராணி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லாததைப் பார்த்து எனக்குத்தான் பயமாக இருந்தது. செக்ரட்டரி எதிரில் வந்து நின்றாள்.

"சார், இந்தப் பிள்ளைகளுக்கு வலது இடது தெரியாது. இன்னைக்கு ஆடுனது ஏமாத்துத்தான். இதுகளுக்குப் பொறந்ததுல இருந்து காதுல விழுந்ததெல்லாம் தெக்கு வடக்குதான். அத வச்சுத்தான் நெனைக்குதுக. நான் வலதுன்னு சொன்னதையும் அதுக்குள்ளதான் போட்டு வச்சிருக்குதுக. என்னால அத மாத்த முடியல."

"தெரியாவிட்டால் என்ன செய்வேன் என்று சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா?"

"இருக்கு சார். மூடிருவேன்னு சொன்னீங்க." வீரணன் நீட்டிய மைக்குக்குக் கிட்டே வந்து சொன்னாள். "ஒண்ணு கேக்கட்டுமா சார்? தெரிஞ்ச பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு சார்? தெரியாத ஊருலதான சார் அது வேணும்?"

ஸ்பீக்கர் வழியாக அவள் கேள்வி ஊர்க்கோடித் திராட்சைத் தோட்டம்வரை போயிருக்கும். செக்ரட்டரி வாயைத் திறந்தார், மூடினார். வீரணன் பொறுப்பாக மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கடைசியில், "அதுவும் சரிதான்" என்று மூன்று குழாயிலும் கேட்டது.

"இன்னும் ஒரு வருஷம்" என்றார் அவர். "அடுத்த ஆண்டு விழாவில் இதே கேள்வியைக் கேட்பேன்."

ஞானசிகாமணி மகள் பக்கத்தில் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, "கொடி கட்ட வச்சுக்கம்மா" என்றார். மகளிடம், "சரி, இன்னும் ஒரு வருஷந்தான" என்றார். அவர் முகத்தில் கோபத்தைவிட வேறு என்னமோ இருந்தது. தன் மகள் அத்தனை பேர் நடுவில் அப்படிப் பேசுவாள் என்று அவருக்கு அதுவரை தெரியாது. ஏசுதாசன் அந்த வருஷமே உத்தமபாளையத்தில் பெண் எடுத்துவிட்டார். அந்த வீட்டில் நல்ல அரிசி கிடைத்திருக்க வேண்டும்.

விழா முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் ஜெபராணி என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அழுது முடித்ததும் நான் கேட்டேன்.

"ஒரு வருஷம் கெடச்சிருச்சு. இனியாவது இதுகளுக்கு வலது இடது சொல்லிக் குடுத்துருவியா?"

"ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்துருவேன்க்கா. சோத்துக் கைதான்டா வலது கைன்னா முடிஞ்சுபோச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லிக் குடுத்துட்டு, பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு சார்னு அவருகிட்டக் காட்டச் சொல்றீங்களா? நாம என்ன பேசி வருஷம் வாங்கியிருக்கோம்?"

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். இந்தப் பெண்ணையா நான் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

சொன்னபடியே ஒரு வாரத்தில் பிள்ளைகளுக்கு வலது இடது வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒத்திகை எல்லாம் தப்பாகத் தூக்குவதற்குத்தான். தப்பாகத் தூக்குவது லேசில்லை. எல்லோரும் ஒரே மாதிரி தப்பினால் சந்தேகம் வரும், ஆளுக்கு ஒரு மாதிரி தப்ப வேண்டும். சீனிச்சாமி இதில் மன்னன். கேள்வியைக் கேட்டதும் காலைத் தூக்குவான். ஜக்கம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. "தெரிஞ்சத எப்படி ஆத்தா தெரியாதுன்னு நெனைக்கிறது?" என்பாள். அவள் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகும் வருகிற சின்னப் பிள்ளைகளுக்கு அவளே ஒத்திகை பார்த்தாள்.

ஒவ்வொரு பங்குனியிலும் சங்கரலிங்கம் வருவார். வலது கை எது என்பார். கைகள் எல்லாத் திசையிலும் எழும்பும். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்" என்பார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், சிரிப்பு வெளியே வந்துவிடக் கூடாதே என்று.

இப்படியே பல வருஷம் போனது. ஜெபராணி தானே படித்துப் பரீட்சை எழுதினாள். மயிலாடும்பாறை சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கூட வேலை பார்க்கப்போகும் ஒரு வாத்தியாரைப் பற்றியும் என்னிடம் கொஞ்சம் சொல்லியிருந்தாள். அவர் சாப்பிடும்போது அரிசியைப் பற்றிப் பேச மாட்டாராம். உத்தரவு வந்த சேதி ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்குக்கூட அவள் இன்னும் சொல்லவில்லை.

அந்த வருஷ விழாவில் சங்கரலிங்கம் வழக்கம்போல எழுந்து நின்றார். நன்றாகத் தளர்ந்து போயிருந்தார். வலது கையைத் தூக்குங்கள் என்றார். அத்தனை பிள்ளைகளும் வலது கையைத் தூக்கின. பின்னால் திரும்பச் சொல்லிக் கேட்டார். மறுபடியும் வலது கைதான். பக்கவாட்டில் திருப்பினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஊர் சனமெல்லாம் திகைத்துப் போய் ஜெபராணியைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் ஏமாற்றிய மனுஷனை, போகும்போதும் ஏமாற்றிவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

அவர் மெதுவாக நடந்து ஜெபராணி பக்கத்தில் வந்தார். வீரணன் வழக்கம்போல மைக்கைக் கொண்டுவந்து நீட்டினான். அவர் அதைக் கையால் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"எந்த ஊருக்குப் போகிறீர்கள் டீச்சர்?"

ஜெபராணிக்குக் கண்ணீர் கொட்டியது. "மயிலாடும்பாறை சார்."

"நல்லது. வரப்போகிற டீச்சரிடம் எல்லாம் விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார் அவர். "அடுத்த வருஷத்துக்குள் பிள்ளைகளுக்கு இது மறந்திருக்க வேண்டும்."